தன்னாட்சிக் கல்லூரி: 2026-27 பாடத்திட்டமும் காலண்டரும் யார் கையில்?

#1 வரிக்கணக்கு

நான் படித்தது தென் மாவட்டத்தில் ஒரு அரசு உதவி பெறும் தன்னாட்சிக் கல்லூரி. பெயர் வேண்டாம், இங்கே பாதிப் பேருக்குத் தெரியும். பி.காம் துறையின் போர்டு ஆஃப் ஸ்டடீஸில், அதாவது பாடத்திட்டக் குழுவில், பழைய மாணவர் பிரதிநிதியாக என்னைப் போட்டிருக்கிறார்கள். மார்ச்சில் கூட்டம்.

தொழில் வரி ஆலோசனை என்பதால் எனக்கு உறுத்துவது ஒரே பேப்பர்தான், ஐந்தாம் செமஸ்டர் வருமான வரி. 1961ஆம் வருஷச் சட்டம் இந்த மார்ச் 31ஓடு சரி. ஏப்ரல் 1, 2026 முதல் வருமான வரிச் சட்டம் 2025. முந்தைய ஆண்டு, மதிப்பீட்டு ஆண்டு என்று நாம் உருப்போட்டதெல்லாம் போய் 'வரி ஆண்டு' என்று ஒன்றே ஒன்று. 819 பிரிவு 536 ஆகிவிட்டது. சம்பளக்காரர் எல்லோருக்கும் மனப்பாடமான 80சி இனிமேல் 123. ஆனால் ஜூனில் ஐந்தாம் செமஸ்டருக்கு வரும் பிள்ளைகளுக்கு 2024ல் அச்சடித்த பாடத்திட்டம்தான். நவம்பரில் அவர்கள் இல்லாத சட்டத்தில் பரீட்சை எழுதப் போகிறார்களா? இதை நிறுத்தும் அதிகாரம் யாருக்கு இருக்கிறது?

இன்னொன்று. அடுத்த வருஷம் கிழமை பார்க்காமல் ஓடும் டே ஆர்டரை எடுத்துவிட்டுக் கிழமைப்படி டைம்டேபிள் போடப் போகிறார்கள் என்று பேச்சு. பழைய மாணவர் வாட்ஸப் குழுவில் அடிதடி. அது எந்தக் குழுவின் முடிவு?

#2 கரும்பலகை

ஓய்வுபெற்ற துறைத்தலைவன். இரண்டு தவணை கல்விக் குழுவில் இருந்திருக்கிறேன், அகாடமிக் கவுன்சில் என்று நாம் சொல்வது அதைத்தான். தெரிந்ததைச் சொல்கிறேன்.

தன்னாட்சி என்றால் கல்லூரியே ராஜா என்று வெளியே நினைக்கிறார்கள். பாடத்திட்டம், வினாத்தாள், மதிப்பீடு, தேர்வு முடிவு இவை கல்லூரியுடையவை. பட்டம் இன்றைக்கும் பல்கலைக்கழகம் கொடுப்பதுதான். கோத்தாரி குழு 1966ல் சொன்ன யோசனை இது; 1978ல் லயோலா, தாம்பரம் கிறித்தவக் கல்லூரி, மதுரை அமெரிக்கன் கல்லூரி, திருச்சி தூய வளனார் போன்ற சில கல்லூரிகளில் நடைமுறைக்கு வந்தது.

சட்டப்படி நான்கு அவைகள். துறைக்கு ஒரு பாடத்திட்டக் குழு, அதற்கு மேல் கல்விக் குழு, எல்லாவற்றுக்கும் மேல் ஆட்சிக்குழு, பக்கத்தில் நிதிக்குழு. பாடத்திட்டக் குழுவில் துறை ஆசிரியர்களோடு வெளிப் பல்கலைக்கழக நிபுணர்கள், துணைவேந்தர் நியமிக்கும் ஒருவர், தொழில்துறையிலிருந்து ஒருவர், உங்களைப் போல் பழைய மாணவர் ஒருவர். அங்கே எழுதுவதைக் கல்விக் குழு ஏற்கலாம், திருப்பி அனுப்பலாம். பல்கலைக்கழகப் பிரதிநிதிகள் அந்த மேசையில் உட்கார்ந்திருப்பார்கள். ஆட்சிக்குழுவில் நிர்வாகத் தரப்புக்குத்தான் அதிக இடம், ஆசிரியர் இரண்டு பேர். கட்டணம், புதிய படிப்பு, பணியிடம் எல்லாம் அங்கே.

ஆகவே உங்கள் வரிப் பேப்பர் பாடத்திட்டக் குழுவில் தொடங்கிக் கல்விக் குழுவில் முடியும் விஷயம். நிர்வாகத்திடம் போக வேண்டியதே இல்லை.

#3 வேலையப்பாரு

சார் சொல்றதெல்லாம் ரூல் புக்ல சரி. நான் ஒரு காலேஜ்ல ரெண்டு வருஷம் இண்டஸ்ட்ரி நாமினியா போனேன். காலைல பத்து மணிக்குப் போனா மேசையில முந்திரி பிஸ்கட், பாட்டில் தண்ணி, ஸ்பைரல் பைண்ட் பண்ணின சிலபஸ். பதினொன்றரைக்கு சாப்பாடு பத்திப் பேச ஆரம்பிச்சுடுவாங்க. நடுவுல ஒரு அட்டெண்டன்ஸ் ஷீட், ஒரு மினிட்ஸ். மினிட்ஸ் ஏற்கெனவே டைப் ஆயிருக்கும், "உறுப்பினர்கள் விரிவாக விவாதித்து ஒருமனதாக ஏற்றுக்கொண்டனர்"னு. நாங்க இன்னும் வாயே திறக்கல! வரிக்கணக்கு சார், சாப்பிட்டு டிஏ வாங்கிட்டு வாங்க.

#4 கோப்பு எண் 7

கல்லூரி அலுவலகக் கண்காணிப்பாளராக இருந்து ஓய்வு பெற்றவன். அந்த மினிட்ஸை டைப் அடித்தவர்களில் ஒருவன் என்று வைத்துக்கொள்ளுங்கள்.

தம்பி வேலையப்பாரு சொல்வது நடப்பதுதான். ஏன் நடக்கிறது என்று பாருங்கள். ஒரே வாரத்தில் பதினைந்து துறைக்குக் கூட்டம். வெளியூர் நிபுணர் மூன்று மணி ரயிலைப் பிடிக்க வேண்டும். கல்விக் குழுவுக்கு எல்லாத் துறைப் புத்தகமும் சேர்த்து பைண்டிங் போக வேண்டும். அதனால் தீர்மான வரைவு முன்கூட்டியே தயாராகிவிடும். கூட்ட நாளன்று நீங்கள் என்ன முழங்கினாலும் "ஆலோசனைகள் குறித்துக்கொள்ளப்பட்டன" என்று ஒரு வரி சேர்ப்பார்கள். அதற்கு மேல் எதிர்பார்க்காதீர்கள்.

மாற வேண்டும் என்றால் வரைவு டைப் ஆவதற்கு முன்னால் போக வேண்டும். கூட்டத்துக்கு மூன்று வாரம் முன்பு துறைத்தலைவருக்குக் கடிதம். "வருமான வரிப் பாடத்தை இன்னின்ன யூனிட்டில் இப்படித் திருத்தலாம்" என்று திருத்திய பாடத்தையே டைப் செய்து இணைத்துவிடுங்கள். துறைத்தலைவருக்கு வேலை குறையும். வேலையைக் குறைக்கிற காகிதம் எந்த அலுவலகத்திலும் நகரும்.

நகல் முதல்வருக்கு. அலுவலகத்தில் கொடுத்து இன்வர்டு நம்பர் வாங்குங்கள். வாட்ஸப்பில் பிடிஎஃப் அனுப்பினேன் என்பதெல்லாம் கணக்கில் வராது.

#5 வரிக்கணக்கு

நன்றி சார், இது உபயோகமான யோசனை. ஒரு சிக்கல். 2024ல் சேர்ந்தவர்களுக்கு அந்த வருஷ ரெகுலேஷன்தான் பொருந்தும், நடுவில் கை வைக்கக்கூடாது என்று துறையில் ஒருவர் போனிலேயே சொல்லிவிட்டார்.

#6 கரும்பலகை

ரெகுலேஷன் வேறு, யூனிட்டுக்குள் இருக்கும் சரக்கு வேறு. பேப்பர் கோடு, கிரெடிட், அகமதிப்பெண் பிரிப்பு, பேப்பரின் பெயர் இவற்றில் கை வைத்தால் அந்த பேட்ச் முழுக்க மதிப்பெண் பட்டியல் குழம்பும். சட்டம் மாறியதால் உள்ளடக்கத்தை மாற்றுவதற்குப் பாடத்திட்டக் குழு தீர்மானமும் கல்விக் குழு ஒப்புதலும் போதும். பல கல்லூரிகளில் வரிப் பேப்பரின் அடியிலேயே "நடப்புச் சட்டத் திருத்தங்கள் பொருந்தும்" என்று ஒரு குறிப்பு இருக்கும். உங்கள் புத்தகத்தில் அது இருக்கிறதா என்று முதலில் பாருங்கள். இருந்தால் பாதி வழக்கு முடிந்தது. ஆனால் இங்கே ஒரு சட்டம் திருத்தப்படவில்லை, முழுச் சட்டமே மாற்றப்படுகிறது. தனித் தீர்மானம் இருப்பது நல்லது.

அரியர்காரர்களை மறக்காதீர்கள். ஜிஎஸ்டி 2017 ஜூலை 1ல் வந்தபோது நாங்கள் பட்ட பாடு எனக்குத்தான் தெரியும். புதுப் பாடத்திட்டம் போட்டு முடித்து மூச்சு விடும்போது, பழைய பையன்கள் அரியர் எழுத வந்து நிற்கிறார்கள். அவர்கள் பேப்பரில் மத்திய கலால், வாட். அந்தச் சட்டங்களில் வினாத்தாள் எடுக்கச் சொன்னால் இளம் ஆசிரியர்கள் முழிக்கிறார்கள். கடைசியில் ஓய்வு பெற்ற ஒருவரைத் தேடிப் பிடித்தோம். எனவே தீர்மானத்திலேயே எழுதிவிடுங்கள்: பழைய பாடத்தில் இத்தனை தேர்வு வரைக்கும் வினாத்தாள் உண்டு, அதற்குப் பிறகு எழுதுகிறவர்களுக்கு இணையான பேப்பர் இது. தேர்வு நெறியாளர் அலுவலகம் உங்களை வாழ்த்தும்.

#7 வரிக்கணக்கு

பழைய சட்டத்தை ஒரேயடியாகத் தூக்கவும் முடியாது சார். 2025-26 வருமானத்துக்கு இந்த ஜூலையில் தாக்கல் செய்யும் ரிட்டர்ன் 1961 சட்டப்படிதான். பழைய மதிப்பீடுகள், அப்பீல்கள் இன்னும் பல வருஷம் ஓடும். பிள்ளைகள் ஆடிட்டர் ஆபீஸில் வேலைக்குச் சேர்ந்தால் இரண்டும் கண்ணில் படும். முதல் யூனிட்டில் பழசுக்கும் புதுசுக்கும் ஒரு ஒப்பீட்டு அட்டவணை, கணக்குகள் எல்லாம் புதுச் சட்டத்தில். இப்படித்தான் எழுதப் போகிறேன்.

#8 மதியம் ஷிப்ட்

எல்லாருக்கும் வணக்கம். நான் அதே மாதிரி ஒரு காலேஜ்ல செகண்ட் இயர் பி.காம், ஷிப்ட் டூ (மதியம் நடக்கற சுயநிதிப் பிரிவு). அதாவது சார் சொன்ன "ஜூன்ல ஐந்தாம் செமஸ்டருக்கு வரும் பிள்ளைகள்" நாங்கதான் 🙂

பழைய மாணவருக்கு சீட், கம்பெனிக்காரங்களுக்கு சீட், யுனிவர்சிட்டிக்கு சீட். இப்ப படிக்கிறவங்களுக்கு இந்த நாலு குழுவுல ஒரு சீட்டாவது இருக்கா சார்?

#9 கரும்பலகை

இல்லையம்மா. நான்கிலும் இல்லை.

#10 வேலையப்பாரு

ஒரு வரில பதில் சொன்ன ஒரே ப்ரொஃபசர் நீங்கதான் சார்.

#11 கோவை ஆசிரியை

இடையில் வருகிறேன். வேறு ஒரு தன்னாட்சிக் கல்லூரியில் ஐக்யூஏசி பொறுப்பில் இருக்கிறேன். தங்கச்சி, அந்த நான்கில் இல்லை என்பது சரி. ஆனால் ஐக்யூஏசி என்ற உள்தர உறுதிப் பிரிவில் மாணவர் பிரதிநிதி ஒருவர் இருக்க வேண்டும் என்பது கல்லூரிகளுக்குத் தர மதிப்பீடு செய்யும் 'நாக்' அமைப்பின் வழிகாட்டுதலிலேயே இருக்கிறது. பழைய மாணவர், ஊர்க்காரர், வேலை தருவோர் தரப்பும் உண்டு. உங்கள் கல்லூரி இணையதளத்தில் ஐக்யூஏசி பக்கத்தைத் திறந்து உறுப்பினர் பட்டியலைப் பாருங்கள். மாணவர் என்று ஒரு பெயர் இருக்கும். மூன்று வருஷம் முன்னால் படித்து முடித்துப் போனவர் பெயராகவும் இருக்கலாம்!

இன்னொரு பிடி: நாக் மதிப்பீட்டில் 1.4 என்று ஒரு பகுதி. பாடத்திட்டம் பற்றி மாணவர், ஆசிரியர், வேலை தருவோர், பழைய மாணவர் கருத்து வாங்கினீர்களா, வாங்கியதை வைத்து என்ன செய்தீர்கள், அந்த அறிக்கையை இணையதளத்தில் போட்டீர்களா என்று கேட்பார்கள். செமஸ்டர் கடைசியில் கூகுள் ஃபார்ம் வருகிறதே, எல்லோரும் கண்ணை மூடிக்கொண்டு 'மிக நன்று' அமுக்குகிறீர்களே, அதுதான். அதில் கீழே "வேறு ஆலோசனைகள்" என்று ஒரு பெட்டி இருக்கும். ஒரு வகுப்பில் முப்பது பேர் ஒரே விஷயத்தை அதில் எழுதினால், நடவடிக்கை அறிக்கையில் நான் ஏதாவது எழுதியே ஆக வேண்டும். என் வேலை அப்படி.

#12 மதியம் ஷிப்ட்

மேடம் இப்பவே பாத்தேன். பேர் இருக்கு. அந்த அக்கா 2023 பாஸ் அவுட் 😅

#13 ரெண்டு பிள்ளை அப்பா

எனக்குப் புரியாத ஒன்று. அது என்ன டே ஆர்டர்? மூத்தவன் இன்ஜினியரிங், அவனுக்குத் திங்கள் என்றால் திங்கள். சின்னவள் ஆர்ட்ஸ் காலேஜ். "நாளைக்கு என்ன கிளாஸ்மா" என்றால் "நாளைக்கு நாலாம் நாள்பா" என்கிறாள். கருமாதி கணக்கு மாதிரி இருக்கிறது.

#14 கரும்பலகை

சிரித்துவிட்டேன். ஐயா, கலைக் கல்லூரிகளில் டைம்டேபிள் கிழமைக்கு ஓடாது. முதல் நாள் முதல் ஆறாம் நாள் வரை ஒரு சுற்று. செவ்வாய் மூன்றாம் நாளாக இருக்க வேண்டியது, அன்று பக்ரீத் வந்தால் புதன்கிழமை மூன்றாம் நாள். எந்தப் பாடமும் மணி இழக்காது. கிழமைக் கணக்கில் வெள்ளி, திங்கள்களில் விடுமுறை குவிந்தால், அந்தக் கிழமைகளில் வகுப்பு வைத்திருப்பவர் பாடம் முடிக்க முடியாமல் நவம்பரில் ஸ்பெஷல் கிளாஸ் வைப்பார். செமஸ்டருக்கு 90 வேலை நாள், ஆறு நாள் சுற்று பதினைந்து. எல்லாப் பாடத்துக்கும் சமமாகப் பதினைந்து முறை. இதைவிட நேர்மையான ஏற்பாடு எனக்குத் தெரியாது. இதை எடுக்கிறார்கள் என்றால் எதிர்ப்பேன்.

#15 மணிநேரச் சம்பளம்

சார், மரியாதையோட மாறுபடறேன். நான் கெஸ்ட் லெக்சரர். ரெண்டு காலேஜ்ல எடுத்தாதான் வீட்டு வாடகை. ஒரு காலேஜ்ல இன்னிக்கு ரெண்டாம் நாள், இன்னொரு காலேஜ்ல அஞ்சாம் நாள். ரெண்டும் எப்ப மோதும்னு ஒவ்வொரு ஞாயித்துக்கிழமையும் ரெண்டு ஹேண்ட்புக்கையும் பக்கத்துல விரிச்சு வெச்சு பென்சில்ல குறிக்கணும். மோதற நாள்ல ஒரு இடத்துல லீவ். லீவ்னா எனக்கு சம்பளம் இல்ல. கிழமைக் கணக்கு வந்தா திங்கள் புதன் இங்க, செவ்வாய் வியாழன் அங்கன்னு நிம்மதியா இருப்பேன்.

நிரந்தரப் பணியில இருக்கறவங்களுக்கு டே ஆர்டர் நேர்மை. எங்களுக்கு இல்ல. துறையில பாதிப் பேர் இப்ப எங்களைப் போலத்தான்.

#16 கோவை ஆசிரியை

மேடம் சொல்வது இன்னொரு பக்கத்திலும் இடிக்கிறது. 'நான் முதல்வன்' என்ற அரசுத் திறன் பயிற்சி வகுப்புக்கு வெளியிலிருந்து பயிற்சியாளர் வருவார். அவருக்குக் கிழமைதான் தெரியும். "வியாழன் மதியம் வருகிறேன்" என்பார். அந்த வியாழன் எந்த நாளாக இருக்கிறதோ அந்தத் துறையின் இரண்டு மணி நேரம் போச்சு. டே ஆர்டரின் சமத்துவம் அங்கேயே உடைந்துவிடும். எங்கள் கல்லூரியில் வாரம் ஒரு மதியத்தை டே ஆர்டருக்கு வெளியே வைத்துவிட்டோம், மீதிக்கு ஆறு நாள் சுற்று. சரியாக ஓடுகிறது என்று சொல்ல மாட்டேன், சண்டை குறைந்திருக்கிறது.

#17 ரெண்டு பிள்ளை அப்பா

மழை லீவு விட்டால்? கலெக்டர் காலையில் ஆறு மணிக்குத்தானே அறிவிக்கிறார்.

#18 கோப்பு எண் 7

ஐயா நல்ல இடத்தில் கை வைத்தீர்கள். கல்லூரிகளில் நடக்கும் பாதிச் சண்டை இதுதான்.

கையேட்டில் நவம்பர் 14 மூன்றாம் நாள், 15 நான்காம் நாள் என்று அச்சாகியிருக்கும். 14 அன்று மழை விடுமுறை. 15 அன்று வந்தால் அது மூன்றா, நான்கா? மூன்று என்றால் அன்றிலிருந்து செமஸ்டர் முடியும் வரை கையேட்டில் உள்ள எண்ணெல்லாம் தப்பு. நான்கு என்றால் மூன்றாம் நாள் பாடங்கள் ஒரு சுற்று இழந்துவிடும், பேராசிரியர் ஐயா சொன்ன சமத்துவம் போய்விடும். சில கல்லூரி அச்சை மதிக்கும், சில கல்லூரி சுற்றை மதிக்கும். இழந்த நாளுக்கு ஒரு சனிக்கிழமை வைத்து "மூன்றாம் நாள் அட்டவணைப்படி" என்று சுற்றறிக்கை விடுவதும் உண்டு. அன்று வகுப்பில் ஏழு பேர் இருப்பார்கள்.

கையேடு தயாரிக்கும்போது இன்னொரு கூத்து. ஏப்ரல் கடைசியில் ஃபைல் சிவகாசிக்குப் போக வேண்டும். அடுத்த ஆண்டுக்கான அரசு விடுமுறைப் பட்டியல் வருஷக் கடைசியில்தான் வரும். அதாவது 2026 ஜூனில் கையில் கொடுக்கும் புத்தகத்தில், 2027 ஜனவரியிலிருந்து உள்ள டே ஆர்டர் முழுக்க நாங்கள் பஞ்சாங்கத்தைப் பார்த்து ஊகித்துப் போட்டது. பிறை பார்த்து வரும் பண்டிகை ஒரு நாள் தள்ளினால் போதும்.

வரிக்கணக்கு கேட்டதற்குப் பதில்: காலண்டர் அந்த நான்கு அவைகளில் எதிலும் பிறப்பதில்லை. முதல்வர், துறைத்தலைவர்கள், தேர்வு நெறியாளர் உட்கார்ந்து முடிவு செய்வார்கள். ஆட்சிக்குழு வரை போவது தகவலுக்காக. பாடத்திட்டத்துக்கு இருக்கிற வெளி ஆள் கண்காணிப்பு காலண்டருக்குக் கிடையாது. மாணவர் வாழ்க்கையை அதிகமாகப் பிடித்து ஆட்டுவது காலண்டர்தான் என்பது வேறு விஷயம்.

#19 வேலையப்பாரு

இந்த வருஷம் எலெக்‌ஷன் வேற. 2021ல ஏப்ரல் 6 வோட்டு, மே 2 கவுண்டிங். நடுவுல ஒரு மாசம் பெட்டி எல்லாம் காலேஜ்ல, வாசல்ல துப்பாக்கியோட போலீஸ். உங்க காலேஜ் கவுண்டிங் சென்டரா இருந்தா செமஸ்டர் எக்ஸாம் டைம்டேபிளை பென்சில்ல எழுதுங்க.

#20 கரும்பலகை

அந்த ஆண்டு கொரோனாவால் தேர்வே ஆன்லைனுக்குப் போய்விட்டது, அதனால் யாருக்கும் வலிக்கவில்லை. இந்த முறை வலிக்கும். தேர்வு நெறியாளர்கள் இப்போதே மாற்றுக் கட்டடம் பார்த்து வைப்பது நல்லது.

மணிநேரச் சம்பளம் மேடம், உங்கள் பதிவை இரண்டு முறை படித்தேன். என் காலத்தில் துறையில் எல்லோரும் நிரந்தரம். அந்தக் கணக்கில்தான் டே ஆர்டர் நேர்மை என்று சொன்னேன். இன்றைய துறைக்கு கோவை ஆசிரியை சொன்ன கலப்பு முறை பொருத்தமாக இருக்கலாம். முழுக்கக் கிழமைக்குப் போவதை மட்டும் இன்னும் ஒப்பவில்லை.

#21 மதியம் ஷிப்ட்

இப்ப என் பிரச்சனையைச் சொல்லலாமா? டே ஆர்டர் எது வந்தாலும் எங்களுக்கு ஒண்ணுதான். லைப்ரரி.

காலை ஷிப்ட் 8.45ல இருந்து 1.30 வரைக்கும். எங்களுக்கு 1.45ல இருந்து 6.15. லைப்ரரி 9 டு 5.30. கேட்ல ஐடி ஸ்கேன் பண்ணுவாங்க, ஷிப்ட் டூ கார்டு 1.15க்கு முன்னாடி எடுக்காது, சிவப்பு லைட் எரியும். உள்ள போனா நேரா கிளாஸ். பிரேக் இருபது நிமிஷம். 6.15க்கு விட்டா லைப்ரரி பூட்டியிருக்கும். 6.25 டவுன் பஸ்ஸை விட்டா அடுத்தது 7.10, ஓசி பஸ்தான், ஆனா லேடீஸ் நாங்க இருட்டுல ஸ்டாப்ல நிக்கணும். ஃபீஸ்ல லைப்ரரிக்குனு தனியா வாங்கறாங்க. அதுவும் எய்டட்காரங்களை விட ஜாஸ்தி. ஒரு வருஷத்துல நான் எடுத்த புக்கு ரெண்டு. அதுவும் காலை ஷிப்ட் ஃப்ரெண்ட் கார்டுல.

#22 வேலையப்பாரு

இதுக்குத்தான் யூனியன் எலெக்‌ஷன் வேணும்கறது. மாணவர் தேர்தல் பத்தின லிங்டோ கமிட்டி ரிப்போர்ட்டை 2006ல சுப்ரீம் கோர்ட்டே அமல்படுத்தச் சொல்லியாச்சு. 75 பர்சென்ட் அட்டெண்டன்ஸ் இருக்கணும், ஒருத்தர் 5000 ரூபாய்க்கு மேல செலவு பண்ணக்கூடாதுன்னு எல்லாம் எழுதியிருக்கு. நம்ம ஊர்ல எத்தனை காலேஜ்ல நடக்குது? மாணவர் சேர்மனை ஸ்டாஃபே நாமினேட் பண்ணி, காலேஜ் டே அன்னிக்கு பூச்செண்டு குடுக்க வெச்சு போட்டோ எடுத்து முடிச்சுடறாங்க.

#23 கரும்பலகை

தேர்தல் என்றாலே சாதியும் கட்சியும் உள்ளே வரும் என்று நிர்வாகங்கள் பயப்படுவது வெறும் சாக்கு இல்லை, எங்கள் பக்கத்தில் அதற்குப் பழைய காயங்கள் உண்டு. ஆனால் அந்தப் பயத்தில் எந்தப் பிரதிநிதித்துவமும் வேண்டாம் என்று விட்டதுதான், 2023ல் படித்து முடித்த பெண்ணின் பெயர் இன்னும் பட்டியலில் இருப்பதற்குக் காரணம். பாலியல் துன்புறுத்தல் புகார்களை விசாரிக்கும் உள் புகார்க் குழுவில், மாணவர் சம்பந்தப்பட்ட விஷயமென்றால் மூன்று மாணவர் உறுப்பினர் வேண்டும், அவர்கள் வெளிப்படையான முறையில் தேர்ந்தெடுக்கப்பட வேண்டும் என்று பல்கலைக்கழக மானியக் குழுவான யுஜிசி 2015லேயே விதி போட்டிருக்கிறது. தேர்தலே நடக்காத கல்லூரியில் இது எப்படி நடக்கிறது என்று யாராவது கேட்கலாம்.

#24 ரெண்டு பிள்ளை அப்பா

சின்னவளுக்கு இன்டர்னலில் 25க்கு 11. செமினார் எடுத்தாள், டெஸ்ட் எழுதினாள். கேட்டால் "போட்டது போட்டதுதான்" என்கிறார்களாம். நான் போய்ப் பேசலாமா, அவளுக்கு இடைஞ்சலாகுமா?

#25 கோவை ஆசிரியை

நீங்கள் நேரே போக வேண்டாம் ஐயா. அவளே எழுதட்டும். முதலில் துறைத்தலைவருக்கு, பிரிவு வாரியாக மதிப்பெண் கேட்டு: டெஸ்ட் எவ்வளவு, அசைன்மென்ட் எவ்வளவு, செமினார் எவ்வளவு. பெரும்பாலும் இங்கேயே முடிந்துவிடும், எங்கோ ஒரு கட்டம் காலியாக இருந்திருக்கும். முடியாவிட்டால் மாணவர் குறைதீர் குழு. யுஜிசியின் 2023 விதிப்படி அது 15 வேலை நாளில் அறிக்கை தர வேண்டும். அதிலும் திருப்தி இல்லை என்றால் பல்கலைக்கழகத்தின் குறைதீர்ப்பாளர், ஆம்பட்ஸ்பெர்சன் என்பார்கள். அந்தப் பெயரை அலுவலகத்தில் உச்சரித்தாலே மரியாதை கூடும்.

செமஸ்டர் விடைத்தாள் என்றால் நகல் கேட்கலாம். தன் விடைத்தாளைப் பார்ப்பது தேர்வு எழுதியவரின் உரிமை என்று 2011லேயே உச்ச நீதிமன்றம் சொல்லியாகிவிட்டது.

#26 கோப்பு எண் 7

கூடவே ஒன்று. அரசுப் பணத்தில் கணிசமாக நடக்கும் கல்லூரி தகவல் உரிமைச் சட்டத்துக்குள் வரும் என்று 2019ல் டி.ஏ.வி. கல்லூரி வழக்கில் தீர்ப்பு. ஆகவே உதவி பெறும் கல்லூரியில் கூட்ட நடவடிக்கைக் குறிப்பைக் கேட்கலாம். ஆனால் எடுத்த எடுப்பில் ஆர்டிஐ போடாதீர்கள். அலுவலகம் கதவை மூடிக்கொள்ளும். இணையதளத்தில் போட வேண்டியதைப் போடவில்லையே என்று நயமாகக் கேட்டால் பாதி வந்துவிடும்.

லைப்ரரி விஷயத்துக்கு வருகிறேன். பாப்பா, "நூலக நேரத்தை நீட்டிக்க வேண்டும்" என்று எழுதாதே. நீட்டித்தால் ஆள் வேண்டும், ஆளுக்குச் சம்பளம் வேண்டும், உடனே நிதிக்குழு, அடுத்த வருஷம் என்று போய்விடும். கேட்டில் உன் கார்டு எத்தனை மணிக்குத் திறக்கிறது என்பது கணினியில் ஒரு எண். 1.15ஐ 11.30 ஆக்கச் சொல்லு. பைசா செலவில்லை. நூலகம் அப்போது திறந்துதான் இருக்கிறது. முதல்வர் ஒருவரே கையெழுத்துப் போட்டு முடிக்கலாம்.

#27 மணிநேரச் சம்பளம்

அப்படியே ரீடிங் ஹால்ல காலை ஷிப்ட் ஃப்ரீ ஹவர் பிள்ளைங்க உட்காந்திருப்பாங்க, இடம் இல்லன்னு சொல்வாங்க. 11.30க்கு எத்தனை நாற்காலி காலியா இருக்குன்னு ஒரு வாரம் எண்ணி லெட்டர்ல எழுதும்மா. நான் இருந்த இடத்துல எண்ணிப் பாத்தப்ப பாதி ஹால் காலி.

#28 கோவை ஆசிரியை

கடிதம் முதல்வருக்கு, நகல் ஐக்யூஏசிக்கும் நூலகருக்கும். ஷிப்ட் டூவில் எல்லாத் துறையிலிருந்தும் கையெழுத்து வாங்குங்கள், பி.காம் மட்டும் என்றால் துறைச் சண்டையாக்கிவிடுவார்கள். கடைசிப் பத்தியில் ஐக்யூஏசி மாணவர் பிரதிநிதி இடம் காலியாக இருப்பதையும் ஒரு வரி. குற்றம் சொல்லும் தொனி வேண்டாம், "நடப்பு மாணவர் ஒருவரை நியமிக்கக் கேட்டுக்கொள்கிறோம்" போதும். அடுத்த நாக் சுழற்சி பக்கத்தில் இருந்தால் இன்னும் சீக்கிரம் நகரும்.

#29 வரிக்கணக்கு

என் தரப்பில் நிலவரம். கண்காணிப்பாளர் ஐயா சொன்னபடி திருத்திய ஐந்து யூனிட்டும் டைப் செய்து, ஒப்பீட்டு அட்டவணை, அரியர்காரர்களுக்கு இணைப் பேப்பர் விதி எல்லாம் சேர்த்து நேற்று கொடுத்துவிட்டேன். பாடத்திட்ட அடிக்குறிப்பும் பார்த்தேன், இருக்கிறது. துறைத்தலைவர் போன் பண்ணி "சாஃப்ட் காபி அனுப்புங்கள், வரைவிலேயே சேர்த்துவிடுகிறேன்" என்றார்.

டே ஆர்டர் பற்றியும் கேட்டேன். முடிவாகவில்லையாம். காலண்டர் குழு ஏப்ரல் இரண்டாம் வாரம் கூடுகிறது. கெஸ்ட் லெக்சரர்களிடம் யாரும் கேட்கவில்லை.

#30 மணிநேரச் சம்பளம்

கேக்க மாட்டாங்க. நாங்களே எழுதித் தர்றோம். எங்க துறையில பதினோரு பேர் இருக்கோம். கோவை மேடம், உங்க காலேஜ் கலப்பு டைம்டேபிள் ஒரு பிரதி கிடைக்குமா? இன்னொரு காலேஜ்ல நடக்குதுன்னு காட்டினா பேச வசதி.

#31 கோவை ஆசிரியை

தனிமடலில் அனுப்பியிருக்கிறேன். ஆறாம் நாள் மதியத்தில் ஒரு குளறுபடி இருக்கும், அதை அப்படியே காப்பி அடிக்காதீர்கள்.

#32 மதியம் ஷிப்ட்

நாற்காலி எண்ண ஆரம்பிச்சாச்சு. காலை ஷிப்ட் ஃப்ரெண்ட்ஸ் ரெண்டு பேர் 11.30க்கும் 12.30க்கும் போட்டோ எடுத்து அனுப்பறாங்க. இன்னிக்கு 120 சீட்ல 38 பேர். கோப்பு எண் சார், லெட்டர் தமிழ்ல எழுதலாமா, இங்கிலீஷ்லயா?

#33 கோப்பு எண் 7

தமிழில் எழுது. இரண்டு பிரதி. ஒன்றில் சீல் வாங்கி நீ வைத்துக்கொள். கையெழுத்துப் பக்கத்தில் ரோல் நம்பரோடு துறையும் எழுதச் சொல்லு, அலுவலகத்தில் முதலில் அதைத்தான் பார்ப்பார்கள். வெள்ளிக்கிழமை மதியம் கொண்டுபோகாதே, திங்கள் காலை கொடு.

#34 மதியம் ஷிப்ட்

திங்கள் காலைல கேட் எங்களுக்குத் திறக்காது சார் 😭

#35 கோப்பு எண் 7

அதையும் கடிதத்தில் எழுது. காலை ஷிப்ட் தோழியிடம் கொடுத்தனுப்பு.